ஒரு குறையும் இல்லீங்க

திண்டுக்கல் பழனி ரோட்டில், டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த சாப்ட்வேர் கம்பெனியில் சண்டை என்று வந்தால் அது சம்பளத்துக்காக வராது, ஏ.சி. குளிருக்காகவும் வராது. ஒரு வேலையை எந்த வழியில் செய்வது என்பதற்காகத்தான் வரும். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பர்ஹானாவும் லிடியாவும் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டுகூட அந்தச் சண்டையைத்தான் போட்டார்கள்.

லிடியா கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். அவர் வழி நேர்வழி. முதலில் வாடிக்கையாளரை உட்கார வைத்து, என்னென்ன வேண்டும் என்று அக்குவேறு ஆணிவேறாகக் கேட்பார். கேட்டதை எல்லாம் தடிமனாக எழுதிக் கையெழுத்து வாங்குவார். பிறகு எழுதியதை எழுதியபடி கட்டுவார்கள், சோதிப்பார்கள், கடைசி நாளில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ஒரு கட்டம் முடியாமல் அடுத்தது கிடையாது, முடிந்த கட்டத்துக்குத் திரும்பிப் போவதும் கிடையாது. கீழே விழுந்த தண்ணீர் மேலே ஏறாது என்பதால் இதற்கு வாட்டர்ஃபால் என்று பெயர்.

பர்ஹானா சென்னையில் பெரிய கம்பெனி ஒன்றில் சில வருஷம் இருந்துவிட்டு, பிறந்த ஊரிலேயே வேலை பார்ப்பேன் என்று திண்டுக்கல் பேகம்பூருக்குத் திரும்பியவள். அவள் கொண்டுவந்த வழிக்கு அஜைல் என்று பெயர். எல்லாவற்றையும் முதலிலேயே எவராலும் சொல்லிவிட முடியாது என்பது அதன் அடிப்படை. ஆகவே கொஞ்சம் செய்ய வேண்டும், செய்ததை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வாடிக்கையாளரிடம் ஓட்டிக் காட்ட வேண்டும், அவர் சொல்லும் குறையைக் கேட்டுத் திருத்த வேண்டும், அடுத்த துண்டைச் செய்ய வேண்டும். ஓட்டிக் காட்டுவதற்கு டெமோ என்று பெயர்.

வீடு கட்டுகிறவன் இரண்டு வாரத்துக்கு ஒருதரம் சுவரை இடித்துக்கொண்டிருப்பானா என்று லிடியா கேட்பார். ஜாக்கெட் தைக்கிறவர் இடையில் ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்வதில்லையா என்று பர்ஹானா திருப்பிக் கேட்பாள். வீடா ஜாக்கெட்டா என்று கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்குக் காது புளித்துவிட்டது.

முதலாளி முகமது பாரூக் தோல் வியாபாரக் குடும்பத்துக்காரர். இந்தத் தொழிலில் வாடை இல்லை என்பதற்காகவே இதற்கு வந்ததாகச் சொல்லிக்கொள்வார். இரண்டு பெண்களையும் கூப்பிட்டு வைத்து அவர் ஒரு தீர்ப்புச் சொன்னார். தொப்பம்பட்டி தென்னை விவசாயிகள் கம்பெனி வேலையைப் பர்ஹானா அவள் வழியில் செய்யட்டும். தை மாதம் முடிவதற்குள், வேலை முடிந்தது, திருப்தி என்று அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் இனி எல்லா வேலையும் அவள் வழியில்தான் நடக்கும், அவள்தான் முன்நின்று நடத்துவாள். போடாவிட்டால் லிடியா வழி, லிடியாவுக்குக் கீழே பர்ஹானா. இதற்கு மேல் இந்த ஆபீசில் வீடு, ஜாக்கெட் என்ற பேச்சே எடுக்கக் கூடாது.

பர்ஹானாவுக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். ரொம்பவே வேண்டும். சென்னையில் தாக்குப்பிடிக்க முடியாமல் வந்துவிட்டாள் என்று சொந்தக்காரர்கள் பேசுவது அவள் காதில் விழாமல் இல்லை. தன் ஊரில், தன் வழியில், ஒரு வேலையை நடத்திக் காட்ட வேண்டும் என்று அவளுக்கு வெறியே இருந்தது.

தொப்பம்பட்டிக்காரர்கள் கேட்டது பெரிய சங்கதி ஒன்றுமில்லை. நாலாப்பக்கமும் தோப்பு வைத்திருக்கும் விவசாயிகள் சேர்ந்து நடத்தும் கம்பெனி அது. காய் வெட்டுகிற ஆட்களையும் டிராக்டரையும் வைத்துக்கொண்டு, தோப்பு தோப்பாக அனுப்புவார்கள். எந்தத் தோப்புக்கு என்றைக்கு ஆள் போவது என்பதுதான் தினசரி தலைவலி. தோப்புக்காரர் போனிலேயே கேட்க, நாளும் ஆளும் தானாக முடிவாகி, அவருக்குச் செய்தி போகிற மாதிரி ஒரு ஆப் வேண்டும் என்றார்கள். அதன் தலைவர் கண்ணுசாமி, வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, அதற்கு மேல் மடிப்புக் கலையாத மரியாதை. ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவருடைய தம்பி மகள் தமிழ்மதி.

முதல் டெமோவுக்குப் பர்ஹானா போனபோது கண்ணுசாமி வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார். உறுப்பினர்கள் நாலைந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆபீசுக்கென்றே கொண்டுவந்து கொடுத்த டேப்பில், அந்தக் கையகலக் கணினியில், அவள் ஓட்டிக் காட்டினாள். எல்லோரும் கவனமாகப் பார்த்தார்கள். பார்த்து முடித்ததும் கண்ணுசாமி இரண்டு கையையும் சேர்த்து, அருமைங்க அம்மிணி, ஒரு குறையும் இல்லீங்க என்றார். மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். அதன் பிறகு சாப்பாடு. அவள் சாப்பிட வேண்டும் என்பதற்காகவே பழனி வரைக்கும் ஆள் அனுப்பிப் பாய் கடையில் கோழி வாங்கி வந்திருந்தார்கள். அவளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

இரண்டாவது டெமோவும் அப்படியே. மூன்றாவது, நான்காவது, எல்லாமே அப்படித்தான். ஒவ்வொரு முறையும் அருமை, ஒவ்வொரு முறையும் கோழி. கூட வரும் பையன்கள் டெமோ நாள் என்றால் காலையில் சாப்பிடாமலே வேனில் ஏறினார்கள். ஆபீசுக்குத் திரும்பியதும் பர்ஹானா பாரூக்கிடம் போய் இந்த முறையும் ஒரு குறைகூட இல்லை என்பாள். லிடியா கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டார். குறையே வராத வேலையைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று பர்ஹானாவுக்கு ஒரு நிமிஷமாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. பாராட்டு அப்படிப்பட்டது, உள்ளே போனதும் மூளையைத் தூங்க வைத்துவிடும்.

கையெழுத்துக்குக் குறித்திருந்த நாளுக்கு ஒரு வாரம் முன்னால் பழனியில் அவளுடைய சொந்தத்தில் ஒரு கல்யாணம். சாப்பாடு முடிந்தும் பொழுது இருந்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஆப் எப்படி ஓடுகிறது என்று ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போவோம் என்று தொப்பம்பட்டிக்குப் பஸ் பிடித்தாள். வருகிறேன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

ஆபீஸ் வாசலில் காய் வெட்டும் ஆட்கள் டிராக்டரைச் சுற்றி நின்றிருந்தார்கள். உள்ளே தமிழ்மதி தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஒரு போனை இடுக்கிக்கொண்டு இன்னொரு போனில் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். மேசையில் டேப் இல்லை. பர்ஹானாவைப் பார்த்ததும் அவள் முகம் செத்துப்போயிற்று.

டேப் எங்கே என்று பர்ஹானா கேட்டாள். தமிழ்மதி எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்தாள். புதுத் துண்டு ஒன்றில் பொதிந்து, மேல்தட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள் அதை. துண்டை விலக்கினால் டேப்பின் பின்பக்கம் சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்ததாம். டெமோ நாளன்று மட்டும் காலையில் எடுத்துத் திரையைத் துடைத்து, பின்பக்கத்துக்கு உறை மாட்டிச் சார்ஜ் போட்டு வைப்பார்களாம்.

பர்ஹானா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கோபம் வந்தது, அதற்கு முன்னால் அழுகை வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, யாருமே இதைத் தொடவில்லையா என்று கேட்டாள்.

தமிழ்மதி பீரோவை அப்படியே விட்டுவிட்டு உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"முதல் தடவை நீங்க காட்டிட்டுப் போனீங்களல்லங்க, அன்னைக்கே பெரியப்பா இதை ஓட்ட முடியாதுன்னு சொல்லிப்போட்டாருங்க. ஒவ்வொரு தடவையும் உங்க வண்டி கெளம்புனதுக்கு அப்புறமேட்டு ஒரு மணி நேரம் உக்காந்து இது நொட்டை அது நொள்ளைன்னு பேசுவாருங்க."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

அதற்கு அவள் பதில் சொல்வதற்குள் கண்ணுசாமியே உள்ளே வந்தார். திறந்த பீரோவையும் பர்ஹானா மடியில் இருந்த டேப்பையும் பார்த்தார். தப்புச் செய்து பிடிபட்டவர் மாதிரி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வெயில்ல இம்புட்டுத் தூரம் வண்டி ஏறி வர்றீங்க. வூடு தேடி வந்த புள்ளைகிட்ட, நீ செஞ்சது சரியில்லைன்னு எப்படிங்க அம்மிணி மொகத்தப் பாத்துச் சொல்றது?"

அவர் பொய் சொல்லவில்லை. அவரால் முடியாது, அவ்வளவுதான். தோப்புக்கு வந்த விருந்தாளி, இளநீர் உப்புக் கரித்தாலும் அருமை என்று குடித்துவிட்டுப் போக வேண்டும், அந்த விருந்தாளி வீட்டுக்கு இவர்கள் போனால், சமையல் நன்றாக இல்லாவிட்டாலும் இன்னும் கொஞ்சம் போடுங்கள் என்று இலையை நீட்ட வேண்டும். அதுதான் அங்கே முறை. பர்ஹானா வீட்டிலும் அதுதானே முறை. குறையைக் கேட்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு வழியை எடுத்துக்கொண்டு, விருந்தாளியிடம் குறை சொல்லவே சொல்லாத மனிதர்களிடம் விருந்தாளியாக வந்து உட்கார்ந்து கோழி சாப்பிட்டிருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கண்ணுசாமி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தணிந்த குரலில் பேசினார். அவள் ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். அவளுடைய முதலாளி வரும்போது எல்லாம் அருமை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அவளுக்கு ஒரு கெட்ட பேர் வராது. ஆப் பீரோவில் இருந்துவிட்டுப் போகட்டும், அது சோறா கேட்கிறது.

தலையை ஆட்டினால் போதும். அவள் கேட்டதெல்லாம் கிடைத்துவிடும். கம்பெனி முழுக்க அவள் வழி. லிடியா அவளுக்குக் கீழே. அந்த மனிதர் மனசாரத்தான் கொடுக்கிறார். பர்ஹானா எழுந்து, வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். ஒட்டன்சத்திரம் தாண்டும் வரைக்கும் அவளுக்கு அந்தக் கையெழுத்தின் மேல் ஆசை விடவில்லை. இதை ஒளித்துச் சொல்வானேன், நன்றாகவே ஆசைப்பட்டாள். ஆனால் அந்தப் புதுத் துண்டு கண்ணை விட்டுப் போகவில்லை. அவள் வழியில் குறை இல்லாமல் முடிந்த வேலை பீரோவுக்குள் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்துபோய்விட்டது. தெரிந்ததைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள முடியவில்லை.

அதோடு இன்னொன்றும் மனசில் ஓடியது. வந்தவர்களைக் குறை சொல்லாத அதே கண்ணுசாமி, தமிழ்மதி போனை ஒழுங்காக வைக்காததற்கு, கதவைத் திறந்து போட்டதற்கு, டீயில் சர்க்கரை கூடியதற்கு என்று நாளெல்லாம் அவளைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பார். அதில் அவருக்குக் கூச்சமே கிடையாது. வீட்டுப் பிள்ளை.

மறுநாள் பர்ஹானா தமிழ்மதிக்குப் போன் செய்தாள். குறித்த நாளன்று தான் ஓட்டிக் காட்டப்போவதில்லை, நீதான் ஓட்டிக் காட்ட வேண்டும், இனிமேல் ஆபீசில் எல்லாம் இதில்தான் என்று உன் பெரியப்பாவிடம் நீயே சொல்ல வேண்டும் என்றாள்.

"அய்யோ, என்னையத் தோலை உரிச்சுப்போடுவாருங்க."

"அதுதான் எனக்கு வேணும், தமிழ்மதி."

அந்த நாளும் வந்தது. பாரூக் தன் காரிலேயே பர்ஹானாவையும் லிடியாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். கையெழுத்து வாங்க வேண்டிய காகிதம் லிடியாவின் கைப்பையில் இருந்தது. வழியெல்லாம் பர்ஹானா ஒரு வார்த்தை பேசவில்லை. பாரூக் அதைச் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டார்.

கண்ணுசாமி வழக்கம்போல வாசலுக்கு வந்து வரவேற்றார். உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். பர்ஹானா பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டாள். எல்லோரும் அவளைத் தேட, தமிழ்மதி டேப்பை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வருகிற வாரத்திலிருந்து காய் வெட்டுக்கு இதில் வருகிறபடிதான் ஆள் போகும் பெரியப்பா என்று ஆரம்பித்து, ஒரு தோப்பின் பெயரைத் தட்டினாள். திரையில் நாள் வந்தது. வெள்ளிக்கிழமை.

கண்ணுசாமி ஒரு நொடி பொறுத்தார். இரண்டு நொடி பொறுத்தார்.

"ஏம்புள்ள, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? வெள்ளிக்கெழமை எவன் தோப்புல கத்தியை வெப்பான்?"

வெள்ளிக்கிழமை அந்தப் பக்கத்துத் தோப்புகளில் காய் இறக்க மாட்டார்கள், இறக்கினால் மகாலட்சுமியை வீட்டை விட்டு அனுப்புகிற மாதிரி. எல்லா டெமோவிலும் வெள்ளிக்கிழமை திரையில் வந்துகொண்டுதான் இருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதற்கு மேல் மடை உடைந்துவிட்டது. கேட்ட வரிசையில் ஆளை அனுப்பினால் டிராக்டர் கிழக்கே ஒரு தோப்பு, மேற்கே ஒரு தோப்பு என்று பேய் மாதிரி அலையாதா என்றார் கண்ணுசாமி. ஒரே வாய்க்கால் வழியில் இருக்கிற தோப்பை எல்லாம் ஒரு போக்கில் வெட்டிக்கொண்டு போக வேண்டாமா. இன்னொருவர் செய்தியைப் பிடித்துக்கொண்டார். தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்று போனில் வந்தால் எவன் நம்புவான், ஆள் வருமா வராதா என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா. மூன்றாவது ஆளுக்கு எழுத்துச் சின்னதாக இருந்தது. நான்காமவர், மழை பெய்தால் மரம் வழுக்கும், நாள் மாறும், அதை இதில் எங்கே சொல்வது என்று கேட்டார். எல்லோரும் தமிழ்மதியைப் பார்த்துத்தான் கேட்டார்கள். அவளும் சளைக்காமல், சரிங்க பெரியப்பா, அப்புறம் சொல்லுங்க என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பாரூக்கின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. அவர் திரும்பிப் பர்ஹானாவைப் பார்த்தார். அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து அவருக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. இத்தனை மாதத்தில் அவள் சந்தோஷப்பட்ட நாள் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வெறும் பெருமை.

லிடியா அதற்குள் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார். கேட்பதிலும் எழுதுவதிலும் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மழைக்கு நாள் மாற்றுகிற அதிகாரம் யாருக்கு என்று அவர்தான் நடுவில் புகுந்து கேட்டார். பர்ஹானாவுக்கு அது தோன்றியிருக்காது.

பேசிக்கொண்டே வந்த கண்ணுசாமிக்கு விருந்தாளிகள் இருப்பது திடீரென்று நினைவுக்கு வந்தது. சட்டென்று எழுந்து பாரூக்கைக் கும்பிட்டார். கோபித்துக்கொள்ளக் கூடாது, வீட்டுப் பேச்சு வாய் மீறிப் போய்விட்டது என்றார். பாரூக் வியாபாரி. நேராகவே கேட்டார், அப்படியானால் இந்த வேலையை இத்துடன் நிறுத்திவிடலாமா என்று.

"நிறுத்தறதுங்களா? எதுக்குங்க பாய்? அந்த வெள்ளிக்கெழமையையும் வாய்க்கால் வழியையும் மட்டும் சரி பண்ணிக் குடுங்க. வர்ற திங்கக்கெழமை வெட்டுக்கு நானே இதை வெச்சு ஆள் அனுப்பறேன். கையெழுத்து இன்னைக்கு வேண்டாங்க. ஓடட்டும், அப்புறமேட்டுப் போடறேன்."

தை மாதம் முடிய மூன்றே நாள்தான் இருந்தது. கையெழுத்து இல்லாமல் கார் கிளம்பியது.

பாதி வழியில் பர்ஹானா தானாகவே பேச்சை எடுத்து, பீரோவைப் பற்றியும் புதுத் துண்டைப் பற்றியும் அவர்கள் தருவதாகச் சொன்ன கையெழுத்தைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடித்ததும், பேச்சு பேச்சுதான், தோற்றுவிட்டேன், லிடியா அக்காவுக்குக் கீழேயே வேலை பார்க்கிறேன் என்றாள். பாரூக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார்.

லிடியா ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ரெட்டியார்சத்திரம் நெருங்கும்போது அவர் பாரூக்கிடம் மெதுவாகச் சொன்னார்.

"பாய், இங்க ஒரு நாத்துப் பண்ணைக்குப் போன வருசம் நான் செஞ்சு குடுத்தேன்ல. பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டாக. குடுத்த பெறகு ஒரு போன் வரல. ஒரு சந்தேகம்கூட யாரும் கேக்கல. நானும் அம்புட்டு நல்லாச் செஞ்சிருக்கோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

பாரூக் வண்டியின் வேகத்தைக் குறைத்து, பண்ணைக்குப் போகும் மண்பாதை எது என்று கேட்டார். வருவதைச் சொல்ல லிடியா போனை எடுத்தார். போன் பண்ண வேண்டாம் என்று பாரூக் தடுத்துவிட்டார்.

பச்சை வலைக்கு அடியில் தக்காளி நாற்றும் மிளகாய் நாற்றும் தட்டுத் தட்டாக இருந்தன. கார் சத்தம் கேட்டு உரிமையாளர் சோலைமுத்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். லிடியாவை அடையாளம் தெரிந்ததும் அவர் முகமெல்லாம் மலர்ந்தது. வாங்கம்மா வாங்க என்று ஓடி வந்து, உள்ளே திரும்பி மூன்று காபி என்று குரல் கொடுத்தார்.

"நீங்க குடுத்த சாப்ட்வேரு அருமையா ஓடுதும்மா. ஒரு குறை சொல்ல முடியாது."

லிடியா அப்படியே நின்றுவிட்டார். அவரை அந்த நிலையில் பார்க்கப் பர்ஹானாவுக்கு ஒரு காலத்தில் எவ்வளவோ ஆசை இருந்தது. இப்போது பார்த்தபோது நெஞ்சு வலித்தது. அவள் லிடியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாரூக் கார் கதவைச் சாத்தினார்.

"நீ முன்னாடி போம்மா பர்ஹானா. இனிமே எங்க போனாலும் மொதல்ல நீ போ. லிடியா, நீ கூட இருந்து எழுது."

பர்ஹானா சோலைமுத்துவிடம் போய்க் கைகூப்பினாள்.

"காபி அப்பறம் குடிக்கிறோம்ணே. இங்க கம்ப்யூட்டர்ல யாரு உக்கார்றாக? அவுக பக்கத்துல எனக்கு ஒரு ஸ்டூல் மட்டும் போடச் சொல்லுங்க."

சோலைமுத்துவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. அவர் லிடியாவை ஒரு முறை பார்த்தார், பிறகு பண்ணையின் பின்பக்கம் பூட்டிக் கிடந்த ஷெட்டைப் பார்த்தார். அதன் சாவி எங்கே இருக்கிறது என்று உள்ளே இருந்தவர்களைக் கேட்டார்.